விழா பல, பட்டறை எங்கே? கோவையில் கலை பிழைக்கும் வழி

கோயம்புத்தூரில் கலை நிகழ்ச்சிக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாசியில் கோனியம்மன் தேர் ராஜ வீதிக்கு வந்தால் ஊரே அங்கேதான். ஆடியை ஒட்டி கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா. அது முடிந்த கையோடு ஈரோட்டில், 2005 முதல் நடந்துவரும் இன்னொரு புத்தகத் திருவிழா. டிசம்பரில் ஆர்.எஸ்.புரத்தில் விஷ்ணுபுரம் இலக்கிய விருது விழா. 2008-ல் தொடங்கிய கோயம்புத்தூர் விழா தனி. உக்கடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுவர் நிறைய ஓவியங்கள். 2010 செம்மொழி மாநாட்டில் அறிவித்த செம்மொழிப் பூங்காவும் காந்திபுரத்தில் பழைய மத்திய சிறை நிலத்தில், 45 ஏக்கரில், 2025 நவம்பரில் ஒருவழியாகத் திறந்தாகிவிட்டது.

இவ்வளவு இருந்தும், கலையை மட்டும் நம்பி இந்த ஊரில் வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் ஏன் இத்தனை குறைவு? நன்றாக எடிட்டிங் கற்ற பிள்ளை சென்னைக்கோ கொச்சிக்கோ பஸ் ஏறுகிறது. உடுக்கையடித்து இரவு முழுக்கக் கதை பாடத் தெரிந்தவர் பகலில் தறி ஓட்டுகிறார். துணியில் புது டிசைன் போடத் தெரிந்தவர், வேறு நாட்டிலிருந்து வந்த டிசைனை அச்சுப் பிசகாமல் தைத்துக் கொடுக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர்.

விழா நடத்த நன்றாகக் கற்றுக்கொண்டோம், கலைக்குப் பட்டறை கட்டக் கற்கவில்லை என்பதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த காரணம். ஒத்திகைக்கு இடம், வாடகைக்குக் கருவி, முறையான பயிற்சி, பேசிய கூலி கைக்கு வருவது, செய்ததைச் சேமித்து வைப்பது எல்லாம் சேர்ந்ததுதான் பட்டறை. விழா சில நாளில் முடிந்துவிடும். இவையெல்லாம் வருஷம் பூராவும் வேண்டும்.

இப்படிப்பட்ட ஏற்பாடுகளைச் செய்யத் தெரியாத ஊர் இல்லை கோவை. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. அதோடு விட்டிருந்தால் ஏதோ ஒரு தலைமுறையில் எல்லாம் கலைந்திருக்கும். ஆலைக்காரர்கள் சேர்ந்து 1956-ல் சிட்ராவை, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை உருவாக்கினார்கள். நூலின் தரம், இயந்திரத்தின் வேகம், தொழிலாளியின் பயிற்சி எல்லாவற்றையும் பொதுவில் ஆராய ஓர் இடம் கிடைத்தது. பம்புத் தொழிலுக்கு சிடார்க் சோதனைக்கூடம் வந்ததும் இதே வழியில்தான். கணபதியில் நாலு லேத் வைத்திருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்காரர் சொந்தமாகச் சோதனைக்கூடம் வைக்க முடியுமா? முடியாது. தான் செய்த மோட்டார் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதைப் பொதுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கிறார், சான்றிதழ் வாங்குகிறார், சரக்கை ராஜஸ்தான் வரைக்கும் அனுப்புகிறார். தனி ஆளால் முடியாததைப் பொதுவில் செய்துகொள்வது கொங்குத் தொழிலின் பெரிய பலம். அந்தப் பலத்தைக் கலையின் பக்கம் நாம் திருப்பவே இல்லை.

திருப்பாததால் என்ன ஆகும் என்பதற்கு சினிமாவே சாட்சி. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905-ல் திருச்சியில் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று ஆன அந்தக் கட்டடம் இப்போது இல்லை, இடித்தாகிவிட்டது. வெரைட்டி ஹால் ரோடு என்ற பேர் மட்டும் மிச்சம்.

படம் காட்டியதோடு நிற்கவில்லை. 1930-களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. அடுத்த பத்தாண்டில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ வந்தது. பஞ்சாலைப் பணமும் பைக்காரா மின்சாரமும் இல்லாமல் இது நடந்திருக்காது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி (1947) சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த படம். அதற்கு வசனம் எழுத வந்த மு. கருணாநிதி சிங்காநல்லூரில் குடியிருந்தார். பட்சிராஜாவின் மலைக்கள்ளன் (1954) குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். அந்தப் பக்கம் சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி நூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர் அவர். ஸ்டுடியோவையும் ஓர் ஆலையைப் போலவே நடத்தினார்: மாதச் சம்பளம், நேரத்துக்கு வேலை, குறித்த நாளில் படம். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் அங்கிருந்துதான் வந்தது.

எல்லாம் எங்கே போயிற்று? ஸ்ரீராமுலு நாயுடு பெங்களூருக்குப் போய் சாமுண்டீஸ்வரி ஸ்டுடியோவை ஆரம்பித்தார். சுந்தரம் 1963-ல் காலமானார். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது, அதன் முன்னால் நின்று ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சென்னையில் நடிகர்களும் லேபும் விநியோகஸ்தர்களும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டதால் தொழில் அங்கே இழுத்துக்கொண்டு போனது என்பார்கள், அது நிஜம். ஆனால் 1960-ல் சென்னையில் திரைப்படத் தொழில்நுட்பப் பயிற்சிக் கழகம் வந்தது. இங்கே ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, செட் வேலை தெரிந்த தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தும், அந்தக் கைத்திறனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக ஓர் அமைப்பும் எழவில்லை. ஸ்டுடியோ முதலாளியின் சொத்து. முதலாளி போனதும் திறமையும் கூடவே போய்விட்டது. நூலுக்கு சிட்ரா இருந்தது, பிலிமுக்கு ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் கொங்கு நாடு சினிமாவுக்கு ஆட்களையும் இடத்தையும் கொடுக்கும் ஊராகிவிட்டது. பங்கஜா மில்லில் வேலை பார்த்த சின்னப்பா தேவர், சூலூர்ப் பக்கத்து சிவகுமார், மணிவண்ணன், கோபிப் பக்கத்து பாக்யராஜ், உடுமலைப் பக்கத்து கவுண்டமணி, உடுமலை நாராயணகவி என்று பட்டியல் நீளம். "ஏனுங்க", "என்றது", "வாரனுங்க" எல்லாம் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது இவர்களால்தான். பொள்ளாச்சித் தென்னந்தோப்பையும் கோபி வயலையும் பார்க்காத தமிழ் ரசிகர் கிடையாது. படப்பிடிப்பு வந்தால் லாட்ஜுக்கும் வேனுக்கும் சாப்பாட்டுக்கும் வருமானம். படத்தின் எடிட்டிங், ஒலி, கிராபிக்ஸ் என்று நிலையான சம்பளமுள்ள வேலைகள் வேறு ஊரில். நம் மாவட்டக் கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்து வரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வகை வேலைதான் வேண்டும்.

வள்ளி கும்மியின் கதை வேறு. கடந்த சில ஆண்டுகளில் கொங்குப் பகுதியில் இவ்வளவு வேகமாக வளர்ந்த கலை இன்னொன்றைச் சொல்ல முடியாது. முருகன் வள்ளியைக் கண்டு, வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் கட்டி, மணம் முடிக்கும் கதைதான். ஆசிரியர் நடுவில் நின்று பாட, சுற்றி வட்டமாக நிற்பவர்கள் அடி பிசகாமல் குனிந்து நிமிர்ந்து கைதட்டிச் சுழல்கிறார்கள். வெகுகாலம் ஆண்கள் ஆடிய ஆட்டம் இது. மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன், பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து அந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர். 2024-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்று பல ஊர்களில் பொழுது சாய்ந்து வேலை முடிந்ததும் கோயில் திடலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு பயிற்சி நடக்கிறது. பனியன் கம்பெனியிலிருந்து வந்த பெண்ணும் ஆறாம் வகுப்புக் குழந்தையும் தோட்டத்து அம்மாவும் ஒரே வட்டத்தில். அடவு ஒன்றொன்றாக ஏறி, கடைசியில் அரங்கேற்றம். அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே நிறப் புடவை, காலில் சலங்கை, ஊர் முழுக்க விருந்தாளிகள்.

அரசு திட்டம் போட்டு இது வளரவில்லை, ஜனங்கள் ஆசைப்பட்டதால் வளர்ந்தது. அதனாலேயே இதன் மீது எனக்குப் பெரிய மதிப்பு. ஆனால் கணக்கைப் பார்த்தால் இதில் கூலி என்று ஒன்று அநேகமாக இல்லை. புடவை அவரவர் காசு, வேனுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வசூல், ஆசிரியருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கும் மரியாதை. பொழுதுபோக்காக இருக்கும் வரைக்கும் சரி. மாநகராட்சி விழாவுக்கோ பெரிய நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கோ கூப்பிடும்போதும் அதே சாப்பாடு, சால்வையோடு அனுப்புவது நியாயமா? சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு முன்பணம் கொடுக்கிறவர்கள் கும்மிக்கும் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் ஆட்களை நிறுத்தி உலக சாதனை என்று அறிவிக்கும் போக்கும் எனக்கு உடன்பாடில்லை. அங்கே எண்ணிக்கைதான் முக்கியம், பின்வரிசையில் யார் எப்படி ஆடினாலும் கேட்பாரில்லை. சில மேடைகளில் கும்மியைச் சாதிப் பெருமை பேசும் சடங்காக மாற்றுவது அதைவிட மோசம். முருகன் தேடிப்போய் மணந்தது வேடர் குலப் பெண்ணை. அந்தக் கதையை ஆடிக்கொண்டே சாதிச் சுவர் எழுப்புவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

இதை ஒட்டி இன்னொன்று. கொங்கு நாட்டில் எந்த நோன்பும், அதாவது கோயில் திருவிழாவும், தப்பட்டை, துடும்பு, ஜமாப் மேளங்கள் இல்லாமல் நடக்காது. மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டதிலிருந்து பிடுங்கும் வரைக்கும் அடிதான். அந்த அடியை அடிப்பவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். கோயில் வாசலில் நிறுத்திவைத்து அடிக்கச் சொல்லிவிட்டு, நகரத்துக் கலைவிழாவில் "நம் பாரம்பரியம்" என்று மேடையேற்றினால் போதாது. யாருக்கு எவ்வளவு கூலி, யார் உட்கார நாற்காலி, யாருடைய பேர் அழைப்பிதழில் என்பதிலிருந்துதான் கலை வளர்ச்சி தொடங்குகிறது. 2007-ல் ஏற்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவும் ஒரு முகாமை எல்லாப் பெரிய விழாவிலும் ஒரு மூலையில் போட்டாலே பலருக்கு நல்லது நடக்கும்.

நெசவுக்கு வருவோம். பவானி ஜமக்காளம், கோவை கோரா காட்டன், நெகமம் காட்டன் மூன்றுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஜமக்காளத் தறியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் உழைப்பு புரியும். குழித்தறி. அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை ஒருவர் எறிய மற்றவர் பிடிக்க வேண்டும். இருவர் காலும் ஒரே தாளத்தில் மிதித்தால்தான் பட்டை நேராக வரும். சிவப்பும் பச்சையும் நீலமும் அடுத்தடுத்து வரும் அந்த முரட்டுப் பட்டைகள் இல்லாமல் நம் வீடுகளில் ஒரு கல்யாணமோ பந்தியோ நடந்ததில்லை. 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும். ஆனால் விசைத்தறியில் நெய்த வெளி மாநிலச் சரக்கு பவானிப் பேரிலேயே மலிவாக விற்கிறது. குறியீடு வாங்கிக் கொடுத்தவர்கள் அதைக் காக்கும் வேலையையும் செய்திருக்க வேண்டும்: கடையில் சோதனை, போலிக்கு வழக்கு, வாங்குகிறவருக்கு அசலைக் கண்டுபிடிக்கும் வழி. அது நடக்காத வரைக்கும் குறியீடு சுவரில் மாட்டிய காகிதம்தான்.

டிசைன் விஷயத்தில் சிக்கல் இன்னும் ஆழம். திருப்பூர் உலகத்துக்கே பனியன் தைத்துக் கொடுக்கிறது. பெரும்பாலும் டிசைன் வாங்குபவருடையது, பிராண்ட் அவருடையது, நமக்குத் தையல் கூலி. ஒரு பீஸுக்குச் சில ரூபாய் விலையைக் குறை என்று வாங்குபவர் கேட்டால் மறுக்க முடியாத நிலை இதனால்தான். திருப்பூரிலேயே பின்னலாடை பேஷன் கல்லூரி இருக்கிறது, கோவையில் ஜவுளி மேலாண்மைக்கு என்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. படித்து வரும் பிள்ளைக்குப் பவானித் தறிக்காரரோடு ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு புது ஜமக்காளம் நெய்து பார்க்கப் பணம் கொடுப்பார் யாரும் இல்லை. தறி நிற்கும் நாளுக்கு நெசவாளிக்குக் கூலி, நூல் செலவு, மாணவருக்கு உதவித்தொகை. கேட்டால் இவ்வளவுதான், ஓர் ஆலை தன் கண்காட்சி ஸ்டாலுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. 2013 கம்பெனிகள் சட்டப்படி நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் கலை, பண்பாடு, பாரம்பரியக் கைவினை, பொது நூலகம் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. இங்கே பல நிறுவனங்களுக்குப் பள்ளிக்குக் கட்டடமும் ஆஸ்பத்திரிக்குக் கருவியும் கொடுக்கும் நல்ல பழக்கம் இருக்கிறது. அதில் ஒரு பங்கைப் பறை, கும்மி, தறி, குறும்படம் பக்கம் திருப்பச் சட்டம் தடை சொல்லவில்லை. கேட்பவர்கள் ஒழுங்காகத் திட்டம் எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த எழுத்து வேலையைக் கலைஞர்களுக்காகச் செய்து கொடுக்க நகரத்தில் ஓர் அலுவலகம் தேவை. நான் சொல்லும் பட்டறையின் முதல் அறை இதுதான்.

அடுத்தது இடம். அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. ஓவியக் கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில், சிட்ராவின் முதல் இயக்குநராக இருந்தவரின் பேரில். இந்த ஊரில் நூலும் கலையும் கைகோத்து நின்ற அபூர்வமான இடம் அது. கிக்கானி பள்ளி அரங்கில் கச்சேரிகளும் நாடகங்களும் நடக்கின்றன. ஆனால் நூறு பேர் உட்காரும், வாடகை கட்டுப்படியாகும், வாரம் இரண்டு நாள் ஒத்திகைக்கும் கிடைக்கும் சின்ன அரங்கு என்று தேடினால் அலைச்சல்தான். கல்யாண மண்டபம் வேண்டுமா, எத்தனை வேண்டும் என்று கேட்கும் ஊர் இது.

மூடிய பஞ்சாலைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஸ்டேன்ஸ் 1888-ல் தொடங்கிய ஆலை பின்னாளில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போனது. அந்தக் கழகத்தின் கோவை ஆலைகள் 2020 ஊரடங்கில் நின்றவை, தொழிலாளர்கள் நிலுவைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது முதலில் சேரட்டும், அதற்குப் பிறகுதான் வேறு பேச்சு. தனியார் ஆலை நிலங்களில் வீடுகளும் கடைகளும் வந்தாயிற்று, அவற்றில் ஒரு ஷெட்டாவது பயிற்சிக் கூடமாகவோ ஸ்டுடியோவாகவோ மாறியது அரிது. உயரமான கூரை, வடக்கு வெளிச்சம், தூண் குறைந்த தளம் என்று ஓவியருக்கும் நாடகக்காரருக்கும் வேண்டியதெல்லாம் ஒரு நூற்பாலைக் கட்டடத்தில் ஏற்கனவே இருக்கிறது. பொதுத்துறை ஆலை நிலம் எதுவாக மாறினாலும் ஒரே ஒரு கட்டடத்தை நகரத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி இப்போதே கேட்டுவைக்க வேண்டும். ஸ்மார்ட் சிட்டி பணத்தில் அழகான உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் சனி, ஞாயிறு மாலை ஆடிப்பாட எளிய அனுமதிச் சீட்டு முறை வைக்கலாம். இதற்குக் கட்டடமே வேண்டாம்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கோழிக்கோடு இருக்கிறது. 2023-ல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இலக்கிய நகரமாகச் சேர்ந்தது; இந்தியாவில் இலக்கியத்துக்காகச் சேர்ந்த முதல் நகரம் அதுதான். நம் சென்னை 2017-லேயே இசைக்காகச் சேர்ந்தது. இந்தப் பட்டியலில் சேர்ந்தால் பணம் வராது. விண்ணப்பிக்க நகரம் தன்னிடம் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து எண்ண வேண்டும், அதுதான் லாபம். கோழிக்கோட்டில் 500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருப்பதை அப்படி எண்ணித்தான் காட்டினார்கள். கோவையிலும் சுற்றிலும் எத்தனை கும்மிக் குழு, எத்தனை ஜமாப் செட்டு, எத்தனை கைத்தறி, எத்தனை ஒலிப்பதிவுக் கூடம்? நூறு வார்டு உள்ள மாநகராட்சி நினைத்தால் ஒரு வருஷத்தில் எண்ணி முடிக்கலாம். பட்டியலில் சேருகிறோமோ இல்லையோ, எண்ணி முடித்தால்தான் எதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று தெரியும்.

இலக்கியத்திலும் நாம் வெறுங்கை இல்லை. 1971-ல் வானம்பாடி இதழ் கோவையிலிருந்து வந்து தமிழ்ப் புதுக்கவிதையையே வேறு பக்கம் திருப்பியது. சிற்பி, புவியரசு, கோவை ஞானி எல்லாம் அந்த வட்டத்தவர். 1942-லேயே காங்கேயம் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் நாகம்மாள் நாவலை எழுதிவிட்டார். இவர்களின் கையெழுத்துப் பிரதி, கடிதம், பழைய இதழ்கள் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கக் கோவையில் ஓர் இடம் வேண்டும்.

சேமிப்பில்தான் நாம் ரொம்பவே பின்தங்கியிருக்கிறோம். பொன்னர் சங்கர் என்கிற அண்ணன்மார் சாமி கதை கொங்கு நாட்டின் பெருங்காப்பியம். உடுக்கையடித்துப் பாடினால் பல இரவுகள் நீளும். 1960-களில் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, பாட்டுக்காரர் பாடியதை ஒலிநாடாவில் முழுக்கப் பதிவு செய்தார். இன்று அந்தக் கதையை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பதிவைத்தான் நாடுகிறார்கள். அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ஊருக்கு ஊர் பாடம் மாறும், பாடுகிறவருக்குப் பாடுகிறவர் மெட்டு மாறும். இராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி வந்தபிறகு விடியவிடியப் பாடும் வழக்கம் சுருங்கிவிட்டது, முழுக்கதையும் மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. மாலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, பேரூரில் 1953 முதல் தமிழ்க் கல்லூரி இருக்கிறது, கேமராவும் மைக்கும் பிடிக்கத் தெரிந்த மாணவர்கள் நகரம் முழுக்க இருக்கிறார்கள். இவர்களை ஒரே வேலையில் இறக்க ஒரு சிறு நிதியும் ஒரு பொறுப்பாளரும் போதும். பாடுகிறவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அவர் சம்மதத்தோடு, அவர் பேரிலேயே பதிய வேண்டும். மாசியில் அண்ணன்மார் சாமிக்கு எடுக்கும் வீரப்பூர்ப் படுகளத் திருவிழா வருகிறது. அதற்கு முன்னால் ஊர்களில் பாட்டு தொடங்கிவிடும், வேலையை அப்போது ஆரம்பிக்கலாம்.